25 நிமிட மனிதருக்கு 90 நிமிடக் கதை

கடற்கரை. ஒருவர் நீச்சல் உடைக்கு மாற வேண்டும். சற்றுத் தள்ளி, கறுப்புக் கண்ணாடி அணிந்த இன்னொருவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பார்க்கிறாரே என்ற கூச்சத்தில் நம்மவர் கால்சட்டையைக் கழற்றாமலே அதன்மேல் நீச்சல் உடையை மாட்டிக்கொள்கிறார். பிறகு உள்ளே சிக்கியிருக்கும் கால்சட்டையை இழுத்து, முறுக்கி, எப்படியோ வெளியே உருவி எடுத்துவிடுகிறார். முகத்தில் வெற்றிப் புன்னகை. அதற்குப் பிறகுதான் தெரிகிறது, அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரருக்குக் கண் தெரியாது என்று.

அவ்வளவுதான் கதை. இவர் யார், எங்கே வேலை செய்கிறார், அம்மா அப்பா யார் என்று யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

1990 ஜனவரி 1-ஆம் தேதி பிரிட்டனின் ஐடிவி அலைவரிசையில் ஒளியேறிய ‘மிஸ்டர் பீன்’ தொடரின் முதல் பகுதியில் வந்த காட்சி இது. அதே பகுதியில் ஒரு தேர்வுக்கூடக் காட்சியும், தேவாலயத்தில் பீன் தூங்கி விழும் காட்சியும் உண்டு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பு கிடையாது. 1995 வரை வந்த மொத்தப் பகுதிகளையும் எண்ணினால் 15-ஐத் தாண்டாது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 நிமிடம். இந்தச் சின்னக் கையிருப்பை வைத்துக்கொண்டு ஒருவர் உலகம் முழுக்கத் தெரிந்த முகமாக ஆனார் என்பதை இன்று நினைத்தாலும் நம்ப முடியவில்லை. நம் நாட்டில் எத்தனை முறை மறு ஒளிபரப்பு செய்திருப்பார்கள் என்று கணக்கு வைத்தவர் எவரும் இருக்க மாட்டார்.

இப்போது ஒரு தயாரிப்பாளர் வந்து, “இதைப் படமாக எடுப்போம்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதை எடுப்பது? கால்சட்டை மாற்றுவதை 90 நிமிடத்துக்கு இழுக்க முடியுமா?

தொலைக்காட்சியில் வெற்றி பெற்ற எல்லா நகைச்சுவைத் தொடர்களுக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வருகிறது. பெரும்பாலானவை அதில் வழுக்கி விழுந்திருக்கின்றன. பீன் இரண்டு முறை அந்த வழியில் நடந்தார். முதல் முறை ஒரு பதில் சொன்னார். பத்து ஆண்டு கழித்து வேறொரு பதில் சொன்னார். எனக்கு இரண்டாவது பதில்தான் பிடிக்கும். ஆனால் முதல் பதிலில்தான் பாடம் அதிகம்.

பீனை உருவாக்கிய ரோவன் அட்கின்சன் மின்பொறியியல் படித்தவர். ஆக்ஸ்ஃபர்டில் மேற்படிப்புப் படித்த காலத்திலேயே இந்தப் பாத்திரத்தின் கரு அவரிடம் இருந்தது. 1987-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடந்த நகைச்சுவை விழாவுக்குப் போனபோது அவர் ஒரு காரியம் செய்தார். ஆங்கில மேடை இருக்க, பிரெஞ்சு மொழி மேடையில்தான் ஏறுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஏற்பாட்டாளர்களுக்குக் குழப்பம், இவருடைய நிகழ்ச்சியில் பிரெஞ்சே கிடையாது. அவருக்குத் தெரிய வேண்டியதும் அதுதான். மொழி துணைக்கு வராத இடத்தில் இந்த ஆள் சிரிக்க வைப்பானா, மாட்டானா?

அந்தச் சோதனையின் பலனை எங்கள் வீட்டில் நான் பார்த்தேன். என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஆங்கிலம் அறவே தெரியாது. மலாய் கடைத்தெரு அளவுக்குத்தான். தொலைக்காட்சியில் எது ஓடினாலும், “என்ன சொல்றான்?” என்று எங்களைக் கேட்டுக்கொண்டே இருப்பார். நாங்கள் பாதி மொழிபெயர்ப்போம், பாதி சலித்துக்கொள்வோம். மிஸ்டர் பீன் வந்தால் மட்டும் அந்தக் கேள்வி வராது. வான்கோழிக்குள் தலை மாட்டிக்கொண்டு பீன் தடுமாறியபோது எங்களுக்கு முன்னாலேயே பாட்டி சிரித்துவிட்டார். அந்த 25 நிமிடம் வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். பாட்டிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஆகவே, 1997-இல் பீன் பெரிய திரைக்குப் போனபோது பணயத்தில் இருந்தது வெறும் வசூல் அல்ல என்பேன். பாட்டியைப் போன்றவர்களையும் கூட்டிக்கொண்டு போவாரா, வாசலிலேயே விட்டுவிடுவாரா என்பதும் அதில் இருந்தது.

சிரிப்புச் சத்தம்

கதைக்குள் போவதற்கு முன் காது சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். வானொலிக்காரிக்கு முதலில் காதில் விழுவதுதான் கண்ணில் படும்.

ஒரு முறை நிகழ்ச்சிக்காக மிஸ்டர் பீன் தொடரின் ஒலியை மட்டும் எடுத்துப் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். வசனம் கிடையாது. காலடி ஓசை, காகிதம் கசங்கும் ஓசை, தொண்டைக்குள் ஒரு முனகல். மீதியெல்லாம் பார்வையாளர்களின் சிரிப்பு. முதலில் ஒருவர் சிரிக்கிறார். பிறகு பத்துப் பேர். ஒரு கணம் அமைதி. பிறகு கூடமே அதிர்கிறது. ஒலிபரப்ப முடியாது, ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல் இருந்தது. அந்தச் சிரிப்பின் ஏற்ற இறக்கத்தை வைத்தே திரையில் என்ன நடக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அரங்கத்தில் ஆட்களை உட்கார வைத்து எடுக்கும் நகைச்சுவைத் தொடரில் அந்தச் சிரிப்பு அலங்காரமாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடிகர் எங்கே நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் புருவத்தைத் தூக்கியபடி காத்திருக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. வெளிப்புறத்தில் முன்கூட்டியே எடுத்த காட்சிகளைக்கூட அரங்கத்துக் கூட்டத்துக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சிரிப்பதைப் பதிவு செய்வார்கள். வீட்டில் தனியாகப் பார்ப்பவருக்கு அது துணை.

திரைப்படத்தில் அது இல்லை. எங்கே சிரிப்பார்கள் என்பதைத் தொகுப்பாளர் தன் மேசையில் உட்கார்ந்து ஊகிக்க வேண்டும். அதிக இடம் விட்டால் கொட்டகையில் மயான அமைதி. குறைத்தால் அடுத்த நகைச்சுவை முந்தையதன் சிரிப்பில் மூழ்கிப்போகும். ஒலிபுகாத அறையில் உட்கார்ந்து, கேட்பவர் சிரித்தாரா இல்லையா என்று தெரியாமலே பேசிப் பழகிய எனக்கு அந்தத் தொகுப்பாளரின் பாடு நன்றாகப் புரியும்.

இதற்கு நல்ல உதாரணம் பிரிட்டனின் மாண்டி பைத்தான் குழு. தொலைக்காட்சியில் புகழ்பெற்ற தங்கள் துணுக்கு நாடகங்களையே மறுபடி நடித்து 1971-இல் ஒரு படமாக வெளியிட்டார்கள். அவர்களை அறியாத அமெரிக்க ரசிகர்களை மனத்தில் வைத்து எடுத்த படம் அது. அதே நடிகர்கள், அதே நகைச்சுவை. ஆனால் பார்வையாளர் கூட்டம் இல்லை, சிரிப்பு இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஆனதும் நமக்குக் களைப்பு வந்துவிடுகிறது. விருந்துக்குப் போன இடத்தில் வரிசையாக ஊறுகாயாக வைத்தது போல. நான்கு ஆண்டு கழித்து ஆர்தர் மன்னர் கதையைக் கையில் எடுத்து, படத்துக்கென்றே எழுதி எடுத்தபோதுதான் அவர்கள் உண்மையில் திரைக்கு வந்தார்கள்.

உடைத்தவர் யார், கட்டுபவர் யார்?

பீன் குழுவினர் அந்த வழியில் போகவில்லை. ரிச்சர்ட் கர்டிஸும் ராபின் டிரிஸ்காலும் எழுதி, மெல் ஸ்மித் இயக்கிய ‘பீன்’ (1997) படத்துக்கு முழுக்கதை உண்டு.

லண்டன் ஓவியக் காட்சியகம் ஒன்றில் பீன் காவலாளி. உட்கார்ந்து ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. அதையும் தூங்கிக்கொண்டே செய்வார். நிர்வாகத்துக்கு அவரைத் தொலைத்துக்கட்ட வேண்டும். தலைவரோ விட மாட்டேன் என்கிறார். உடனே அவருக்கு ‘டாக்டர் பீன்’ என்று பட்டம் கொடுத்து, பெரிய ஓவிய அறிஞர் என்று சொல்லி, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஏற்றுமதி செய்துவிடுகிறார்கள். அங்கே ஒரு காட்சியகம் 50 மில்லியன் டாலருக்கு வாங்கியிருக்கும் ‘விஸ்லரின் தாய்’ ஓவியத்தைப் பற்றி அவர் உரையாற்ற வேண்டும்.

அந்த ஓவியத்தின் முன் பீனைத் தனியாக விட்டால் என்ன ஆகும்? தும்முகிறார். துடைக்கக் கைக்குட்டையை எடுக்கிறார். கைக்குட்டையில் பேனா மை. மையைத் துடைக்கக் கரைப்பானை எடுக்கிறார். கடைசியில் அந்த அம்மாவின் முகமே கரைந்துபோய்விடுகிறது. வெறும் இடத்தில் பீன் தன் கையால் ஒரு முகம் வரைகிறார், பாலர் பள்ளிப் பிள்ளை வரைவது போல. (அசல் ஓவியம் பாரிஸில் பத்திரமாக இருக்கிறது, கவலை வேண்டாம்.) நான் எத்தனையோ முறை பார்த்துவிட்ட காட்சி. அதில் பேச்சு அதிகம் இல்லை. ஒரு தவற்றை மறைக்க இன்னொரு தவறு, அதை மறைக்க இன்னொன்று. இது அசல் தொலைக்காட்சிப் பீன்.

ஆனால் தொலைக்காட்சிக்கும் படத்துக்கும் இடையே இங்கே ஒரு பெரிய வேறுபாடு வந்துவிடுகிறது. தொலைக்காட்சியில் பீன் எதையாவது உடைத்தால் பகுதி முடிந்துவிடும். உடைந்ததற்கு யார் பணம் கட்டினார்கள் என்று நமக்குத் தெரியாது. அடுத்த வாரம் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பீனும் பாடம் கற்றிருக்க மாட்டார். கற்றுவிட்டால் தொடர் முடிந்தது! வாரா வாரம் மாறாமல் திரும்பி வருவதுதான் அவருடைய வேலை. திரைப்படம் அப்படி விடாது. உடைத்தால் யாராவது கட்ட வேண்டும். படம் தொடங்கும்போது இருந்தவர் முடியும்போதும் அப்படியே இருந்தால், இவ்வளவு நேரம் எதற்கு உட்கார்ந்திருந்தோம் என்று டிக்கெட் வாங்கியவர் கேட்பார்.

மாறக்கூடாத மனிதர் ஒரு பக்கம். யாராவது மாறியே ஆக வேண்டும் என்கிற கலை மறுபக்கம். இந்த முடிச்சை எழுத்தாளர்கள் எப்படி அவிழ்த்தார்கள் என்பதுதான் அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த விஷயம். மாறுகிற வேலையை அவர்கள் பீனிடம் கொடுக்கவில்லை. டேவிட் லாங்லி என்ற இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

டேவிட் அந்த அமெரிக்கக் காட்சியகத்தின் பொறுப்பாளர். பீட்டர் மெக்நிக்கல் நடித்திருக்கிறார். பெரிய அறிஞர் வருகிறார் என்று நம்பி பீனைத் தன் வீட்டிலேயே தங்க வைக்கிறார். மனைவி பிள்ளைகளோடு வீட்டைவிட்டுப் போகிறார். வேலை போகும் நிலை, சிறைக்கும் போகலாம். பீன் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் விலை கொடுப்பவர் டேவிட். கடைசியில் திரும்பப் பெறுபவரும் அவரே. பீனோ லண்டனுக்குத் திரும்பிப் போய், தான் கெடுத்த அந்த அசல் ஓவியத்தைப் படுக்கையறையில் மாட்டிவைத்துக்கொண்டு தூங்கப் போகிறார். ஒரு துளி மாறவில்லை. புயலைக் கதாநாயகனாக்க முடியாது, புயல் அடித்த வீட்டுக்காரரைத்தான் ஆக்க முடியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது? இல்லை. அவர்கள் ஒரு விலை கொடுத்தார்கள்.

டேவிட்டுக்குக் குடும்பம் வந்துவிட்டது. குடும்பம் வந்தால் சண்டை வரும். சண்டை வந்தால் வசனம் வரும். படத்தின் நீண்ட பகுதிகளில் அமெரிக்கர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், பீன் ஓரமாக நிற்கிறார். கடைசியில் பீனே மேடையேறி ஓவியத்தைப் பற்றி உரையாற்றுகிறார். அந்த உரை சிரிப்பாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. பேசத் தெரியாதவரைப் பேச வைத்துவிட்டார்களே என்ற பதற்றமே பாதிச் சிரிப்பு. ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் படம் ஓடியபோது, பாட்டியின் பழைய கேள்வி திரும்ப வந்தது. “என்ன சொல்றான்?”

இன்னொன்றும் உண்டு. வான்கோழிக்குள் தலை மாட்டும் வேடிக்கையைப் படத்திலும் திரும்பச் செய்திருந்தார்கள். தெரியாதவர்களுக்குப் புதிது. எங்களைப் போல் ஏற்கனவே பார்த்தவர்களுக்கு, பழகிய பாட்டை வேறு யாரோ மெட்டு மாற்றிப் பாடியது போல் இருந்தது. பழைய ரசிகருக்குப் பழையதும் வேண்டும், புதியதும் வேண்டும். அவரைத் திருப்திப்படுத்துவது எளிதல்ல.

கணக்குப் புத்தகம் இந்தக் குறைகளை எல்லாம் பொருட்படுத்தவில்லை. சுமார் 18 மில்லியன் அமெரிக்க டாலர் செலவில் எடுத்த படம், உலகம் முழுவதும் ஏறக்குறைய 250 மில்லியன் டாலர் வசூலித்தது. அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு வெளியே வந்த பணம். அமெரிக்க ரசிகருக்காகக் கதையையே லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோனார்கள். சீட்டு வாங்கிக் காப்பாற்றியவர்களோ பெரும்பாலும் நம்மைப் போன்ற மற்ற நாட்டுக்காரர்கள்.

ஏன் எல்லாரும் விடுமுறைக்குப் போகிறார்கள்?

பீன் மட்டுமா வெளிநாடு போனார்? பிரிட்டனில் இது பழைய வழக்கம். ‘ஆன் தி பஸ்ஸஸ்’ தொடரின் மூன்றாவது படத்தில் பேருந்துக்காரர்கள் விடுமுறை முகாமுக்குப் போனார்கள். ‘ஆர் யூ பீயிங் சர்வ்ட்?’ தொடரின் துணிக்கடைக்காரர்கள் 1977 படத்தில் ஸ்பெயின் கடற்கரைக்குப் போனார்கள். ‘தி இன்பிட்வீனர்ஸ்’ பையன்கள் 2011-இல் கிரேக்கத் தீவுக்குப் போனார்கள். காரணம் எளிது. தொடர் என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று அறைகள். பெரிய திரைக்கு அது போதாது என்று தயாரிப்பாளர் நினைக்கிறார். வெயில், கடல், விமானம் எல்லாம் காட்டினால் ‘படம்’ மாதிரி இருக்கும். ஆனால் அந்த அறைதான் அவர்களைச் சிரிப்புக்குரியவர்களாக ஆக்கியது என்பதைப் பல நேரம் மறந்துவிடுகிறார்கள்.

நமக்கு மிக அருகிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. மஞ்சள் பூட்ஸ், சுருட்டை முடி, முகத்தில் மச்சம். சிங்கப்பூரின் குத்தகைக்காரர் புவா சூ காங்கை இந்த வட்டாரத்தில் தெரியாதவர் உண்டா? 1997 முதல் 2007 வரை சேனல் 5-இல் ஓடிய தொடர். சீனராக நடித்த குர்மித் சிங், பெயரே சொல்வது போல, பஞ்சாபி வழி வந்தவர். அதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை என்பதே இந்த வட்டாரத்தின் அழகு. அவருடைய சிங்லிஷ் பேச்சு எவ்வளவு தூரம் பரவியது என்றால், 1999 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங், புவா சூ காங் ஆங்கில வகுப்புக்குப் போக வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு. நாட்டின் பிரதமரே கற்பனைப் பாத்திரத்தைப் பள்ளிக்கூடம் போகச் சொன்னது வேறு எங்கேயாவது நடந்திருக்குமா, சொல்லுங்கள்!

அந்தத் தொடரின் உயிர் ஒரே வீட்டில் இருந்தது. படிப்பு குறைந்த, வாய் நீண்ட அண்ணன், கட்டடக்கலை படித்த தம்பி, மேட்டுக்குடி ஆங்கிலம் பேசும் தம்பி மனைவி, நடுவில் அம்மா. ஒரு வரவேற்பறைக்குள் சிங்கப்பூரின் இரண்டு வகுப்புகள் உட்கார்ந்து சாப்பிட்டன. 2010-இல் அது படமானபோது கதை மலேசியாவுக்கு வந்தது. நம் ஊருக்கு வந்தாரே என்று எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வரவேற்பறையை விட்டு வெளியே வந்ததும் அவர் சத்தமாகப் பேசும் ஒரு மனிதராக மட்டும் எனக்குத் தெரிந்தார். அவருடைய சத்தம் யாரை உறுத்த வேண்டுமோ அவர்கள் பக்கத்தில் இருந்தால்தானே சிரிப்பு?

காவலாளிக்கு ஒரு கண்ணீர்க் கதை

இதையெல்லாம் நான் இப்போது தோண்டுவதற்குக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் தமிழில் ஒரு சின்ன நகைச்சுவைத் தொடர் எடுத்தார். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் காவலாளிதான் நாயகன். யார் வந்தாலும் அடையாள அட்டை எண்ணைத் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதாமல் உள்ளே விட மாட்டார். ஆம்புலன்ஸ் வந்தாலும் அதே கதிதான். படுத்திருக்கும் நோயாளியின் எண்ணையும் கேட்பார். பார்த்தவர்கள் அதிகம் இல்லை. ஆனால் பார்த்தவர்கள் விடவில்லை. வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அந்தத் தெம்பில் தம்பி இப்போது அதைத் திரைப்படமாக்கப் போகிறார். சேமநிதியிலிருந்து எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டார். மனைவியின் நகை அடகுக்கடையில் இருக்கிறது.

திரைக்கதையைப் படித்துக் கருத்துச் சொல்லக் கேட்டார். படித்தேன். நடுவில் 14 பக்கம் ஒரு பின்கதை. ஒரு காலத்தில் காவலாளி பணியில் கண்ணயர்ந்துவிட்டாராம். அந்த நேரத்தில் அவருடைய சின்ன மகள் வாயிற்கதவைத் தாண்டிச் சாலைக்கு ஓடிவிட்டாள். அதிலிருந்துதான் நோட்டுப் புத்தகம். நன்றாகவே எழுதியிருந்தார், எனக்குத் தொண்டை அடைத்தது. அதன்பின் வந்த ஆம்புலன்ஸ் காட்சியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதைச் சொன்னேன்.

“தியேட்டருக்கு வர்றவங்க ஒரு தடவையாச்சும் அழணும்க்கா. சும்மா சிரிக்கிறதுக்கு இருபது வெள்ளி கொடுப்பாங்களா? வீட்லயே ஓசியில பார்க்கலாமே.”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தொடர் இலவசம், படத்துக்குப் பணம் கட்டி, கார் நிறுத்த இடம் தேடி, பிள்ளைகளுக்குச் சோளப்பொரி வாங்கி உட்கார வேண்டும். அவ்வளவுக்கு ஏதாவது கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும்தான். ஆனால் பாத்திரத்துக்குக் காரணம் கொடுப்பது அந்தக் கூடுதல் ஆகாது என்பது என் வாதம். மிஸ்டர் பீன் ஏன் அப்படி இருக்கிறார் என்று யாராவது சொல்லியிருந்தால், கடற்கரையில் அவர் கால்சட்டையோடு போராடும்போது நமக்குப் பரிதாபம் வந்திருக்கும்.

டேவிட் லாங்லியின் கதையை அவரிடம் சொன்னேன். குடியிருப்புக்குப் புதிதாக ஒரு குடும்பம் வரட்டும். காவலாளியின் நோட்டுப் புத்தகத்தால் அவர்கள் வாழ்க்கை தலைகீழாகட்டும். அழுகையும் மாற்றமும் அவர்களுக்கு நடக்கட்டும். காவலாளி தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கட்டும் என்றேன்.

“அப்ப என் காவலாளி ஹீரோ இல்லையா?” என்றார். காவலாளியாக நடிப்பவரும் அவரே என்பதை நான் இங்கே சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டையும் எடுத்துக்காட்டினார். விஜய் தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’ அங்கேயும் இங்கேயும் எவ்வளவு பேரைக் கட்டிப்போட்டது! அதன் இயக்குநர் ராம்பாலா பின்னாளில் சந்தானத்தை வைத்து ‘தில்லுக்கு துட்டு’ (2016) எடுத்து வெற்றி பெற்றாரே என்றார். உண்மைதான். ஆனால் கவனியுங்கள், அவர்கள் லொள்ளு சபாவைப் படமாக எடுக்கவில்லை. வேறு கதை, வேறு பேய். மனிதர்கள்தான் தொலைக்காட்சியிலிருந்து போனார்கள்; நிகழ்ச்சி அதன் இடத்திலேயே இருந்தது. தமிழ்ப் படங்களைக் கிண்டலடிக்கும் அதே வேலையைப் பெரிய திரையில் முழுநீளமாகச் செய்தது சி.எஸ். அமுதனின் ‘தமிழ்ப் படம்’ (2010). அது வேறு குழுவின் வேலை. அதில் நாயகன் சிவா. அவரும் வானொலியிலிருந்து வந்தவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

பத்து ஆண்டு கழித்து

2007-இல் வந்த ‘மிஸ்டர் பீன்ஸ் ஹாலிடே’ படத்தைத் தம்பிக்குப் போட்டுக் காட்டினேன். ஸ்டீவ் பெண்டலாக் இயக்கிய படம். இதிலும் விடுமுறைதான். தேவாலயத்துக் குலுக்கலில் பீனுக்குப் பிரான்ஸ் பயணமும் ஒரு காணொளிக் கருவியும் பரிசாக விழுகின்றன. ஆனால் இந்தப் பயணத்தில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பீனுக்குப் பிரெஞ்சு தெரியாது. அங்குள்ளவர்கள் பீனிடம் பேசிப் பயனில்லை. வழியில் தந்தையைப் பிரிந்து பீனோடு சேர்ந்துவிடும் சிறுவனுக்கும் அவருக்கும் பொதுமொழி இல்லை. ஆக, எல்லாரும் சைகைக்கு வந்தாக வேண்டும். முதல் படம் பறித்த மௌனத்தை இந்தக் கதை திரும்பக் கொண்டுவந்துவிட்டது. பிரெஞ்சுக் கலைஞர் ஜாக் தாத்தி 1953-இல் எடுத்த ‘முசியே ஹூலோவின் விடுமுறை’ படத்துக்கு வணக்கம் வைத்து எடுத்தது என்பது தலைப்பிலேயே தெரிகிறது. வசனம் இல்லாமல் ஒரு முழுப் படத்தைத் தூக்கி நிறுத்தலாம் என்பதற்குத் தாத்தியே சாட்சி.

இதிலும் விலை கொடுப்பவர்கள் மற்றவர்கள்தான். பாரிஸ் உணவகத்தில் சிப்பியை விழுங்க முடியாமல், பக்கத்து மேசைப் பெண்ணின் கைப்பையில் பீன் ஊற்றிவிடுவார். சந்தையில் பிழைப்புக்கு வழியில்லாமல், ஒலிக்கும் இத்தாலிய ஓபராவுக்கு வாயசைத்து நடித்துச் சில்லறை சேர்ப்பார். அது சிரிப்பாகத் தொடங்கி, எங்கோ ஓரிடத்தில் நெஞ்சைத் தொட்டுவிடுகிறது. பின்கதை ஒன்றும் சொல்லாமலே. தம்பி அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, இரண்டாம் முறை பார்த்தார்.

கடைசியில் கான் திரைப்பட விழா. தன்னைத் தானே பெரிதாக நினைக்கும் ஓர் இயக்குநரின் சலிப்பூட்டும் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்ப்பவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். பீன் வழிநெடுகத் தன் கருவியில் எடுத்த துண்டுக் காட்சிகள் தற்செயலாக அந்தத் திரையில் விழுகின்றன. கூடம் எழுந்து கைதட்டுகிறது. பீனுக்கு அந்தக் கைதட்டலில் அக்கறை இல்லை. அவர் கடற்கரையைப் பார்த்து நடக்கிறார். அதற்குத்தானே வந்தார்!

இந்தப் படமும் சுமார் 25 மில்லியன் டாலர் செலவில் 230 மில்லியனுக்குமேல் வசூலித்தது. விமர்சகர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

போன வாரம் தம்பி அழைத்தார். 14 பக்கப் பின்கதை போய்விட்டது. அதன் இடத்தில் இரண்டு வரி வசனம் மட்டும். புதுக் குடும்பம் மூன்றாம் மாடிக்குக் குடிவந்துவிட்டது. ஆம்புலன்ஸ் காட்சி முன்னைவிட நீளம். பணம் போட முன்வந்திருப்பவர் மட்டும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாராம்: கேமரன் மலையில் ஒரு பாட்டு வேண்டும்.

“காவலாளிக்கு அங்கே என்னப்பா வேலை?” என்றேன்.

“லீவுக்கா” என்றார்.